கொப்பரைச் சொறியும் தென்னையின் காவலனும்

தஞ்சோங் பகார் என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் நினைவில் எழுவது எது? சிலருக்குக் கப்பல். சிலருக்கு, 1932-இல் திறக்கப்பட்டு, 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் தன் கடைசி ரயிலை வழியனுப்பிவிட்ட பழைய ரயில் நிலையம். மலாய் மொழியில் தஞ்சோங் என்றால் கடலுக்குள் நீண்டிருக்கும் முனை. பகார் என்றால் வேலி. அந்த முனையில் 1864-இல் கப்பல்துறைக் கம்பெனி ஒன்று தோன்றியது. 1905-இல் அரசாங்கம் அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. 1913-இல் சிங்கப்பூர்த் துறைமுக வாரியம் அமைந்தது. ரப்பரும் ஈயமும் மிளகும் கொப்பரையும் இந்தத் துறையில் ஏறின, இறங்கின. அவற்றைத் தோளில் சுமந்தவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம்.

கொப்பரையைக் கையாண்டவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. நெடுநாள் கிட்டங்கியில் கிடந்த கொப்பரை மூட்டையைத் தூக்கினால் கழுத்தும் கையும் முதுகும் அரிக்கத் தொடங்கும். சிறு சிறு தடிப்புகள் எழும். இரவில் தூக்கம் கெடும். சொறிந்து சொறிந்து புண்ணாகிவிடும். இதற்குக் கொப்பரைச் சொறி என்று பெயர். காரணம் என்ன? மூட்டைத் தூசு என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆனால் அந்தத் தூசில் பாதி உயிருள்ளது! கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊர்ந்து திரியும் சிற்றுண்ணிகள் அவை.

இன்று நான் சொல்ல வந்தது இந்தச் சிற்றுண்ணியின் கதை. மூட்டை தூக்கியவர்களை வதைத்த அதே உயிர், பிற்காலத்தில் தென்னையைக் காக்கும் வேலைக்கு எப்படித் துணை வந்தது என்பதுதான் இதிலுள்ள விந்தை.

முதலில் சிற்றுண்ணி என்றால் என்ன என்று பார்ப்போம். அது பூச்சி இனம் அன்று. பூச்சிகளுக்கு ஆறு கால்கள். வளர்ந்த சிற்றுண்ணிக்குப் பெரும்பாலும் எட்டுக் கால்கள். சிலந்திக்கும் தேளுக்கும் அது தூரத்து உறவு. தேயிலைத் தோட்டத்தில் இலையைச் செம்பு நிறமாக்கும் செஞ்சிலந்தியை அறிவீர்கள் அல்லவா? அதுவும் இந்தக் குலந்தான். கொப்பரையில் வாழ்வது வெண்ணிறமானது. உடம்பெல்லாம் நீண்ட மயிர் கொண்டது. அரை மில்லிமீட்டர் நீளங்கூட இராது. எண்ணெய்ச் சத்தும் ஈரமும் உள்ள எந்தப் பண்டத்திலும் அது பெருகும். கொப்பரை, நிலக்கடலை, கருவாடு, மாவு எல்லாம் அதற்கு விருந்து. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் டைரோஃபேகஸ் பியூட்ரெசென்ஷியே. பெயர் வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை. நாம் அதைக் கொப்பரை உண்ணி என்றே அழைப்போம்.

1910-க்குப் பிந்திய சில ஆண்டுகளில், கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி, கொப்பரை ஆலைத் தொழிலாளரின் இந்த அரிப்பை ஆராய்ந்து மருத்துவ உலகுக்கு அறிவித்தார். சிரங்கு உண்ணியைப் போல இது தோலைத் துளைத்து உள்ளே குடியிருப்பதில்லை. தோலின்மீது பட்டு ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டுப் போய்விடும். எனவே கொப்பரைத் தூசிலிருந்து விலகினால் அரிப்பும் விலகும். ஆனால் கூலிக்கு மூட்டை தூக்கியவர் விலகி எங்கே போவார்?

கொப்பரை உண்ணியை இங்கே சற்று நிறுத்திவைத்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் திரும்புவோம்.

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பது நம்முடைய பழமொழி. பயிரைத் தின்னும் பூச்சிக்கும் ஒரு பகைப் பூச்சி உண்டு. அதைக் கொண்டுவந்து விட்டால் நம் வேலையை அது செய்யும். 1888-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டங்கள் ஒருவகைச் செதில்பூச்சியால் அழிந்துகொண்டிருந்தபோது, ஆல்பர்ட் கோபெல் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து சிறிய பொறிவண்டு ஒன்றை அனுப்பிவைத்தார். இரண்டே ஆண்டுகளில் தோட்டங்கள் தலைநிமிர்ந்தன.

இலங்கையின் மலைநாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. கொழுந்தைச் சுருட்டி உள்ளேயிருந்து தின்னும் சுருட்டுப்புழு அங்கே பெருந்தொல்லையாக இருந்தது. 1935, 1936-ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவிலிருந்து மாக்ரோசென்ட்ரஸ் என்னும் சிறு குளவி கொண்டுவரப்பட்டது. அது புழுவின் உடலில் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று தீர்க்கும். நம் உறவினர் பலர் கொழுந்து பறித்த அந்த மலைகளில், ஒரு சொட்டு நஞ்சும் தெளிக்காமல் சுருட்டுப்புழு அடங்கியது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1950-களில், தேயிலைக் கிளையைத் துளைக்கும் வேறொரு வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் கடும் நஞ்சைத் தெளித்தார்கள். அது குளவியையும் கொன்றது. காவல்காரன் போனதும் திருடன் திரும்பினான். சுருட்டுப்புழு மறுபடி தலைதூக்கியது.

மலாயாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் அதே பாடந்தான். 1950-களின் பிற்பகுதியில், நெடுநாள் வீரியம் குறையாத நஞ்சுகளைத் தெளித்த இடங்களில் கூண்டுப்புழு குறைவதற்குப் பதிலாகப் பெருகியது. தெளிப்பதை நிறுத்தினால் இயற்கைப் பகைவர்கள் திரும்பி வருவார்கள் என்பதைப் பி. ஜே. உட் முதலிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். நாம் அந்த நஞ்சை மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மருந்தடிக்கப் போகிறேன் என்று முதுகில் தொட்டியைச் சுமந்து போகிறவர் யார்? நம் வீட்டுப் பெண்களும் ஆண்களுந்தான். ஆகவே, பகைப் பூச்சியைப் பற்றிய பேச்சு வெறும் பூச்சியைப் பற்றிய பேச்சு அன்று. அது நம் நுரையீரலையும் தோலையும் பற்றிய பேச்சு.

இனித் தென்னைக்கு வருவோம். 1965-இல் மெக்சிகோ நாட்டின் குவெரெரோ என்னும் மாநிலத்துத் தேங்காய்களிலிருந்து ஒரு புதிய சிற்றுண்ணி கண்டு விவரிக்கப்பட்டது. அந்த மாநிலத்தின் பெயராலேயே அதற்கு அசேரியா குவெரெரோனிஸ் என்று பெயரிட்டார்கள். இது புழுவைப் போல நீண்டது. இதற்கு நான்கே கால்கள். நீளம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கைத் தாண்டாது. 1997-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிப் பகுதியில் இது காணப்பட்டது. அடுத்த ஆண்டே கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும், தொடர்ந்து தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளிலும் வெளிப்பட்டது.

தேங்காயின் காம்பை ஒட்டித் தொப்பி போல மூடியிருக்கும் இதழ்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த உண்ணி குடியிருப்பது அந்தத் தொப்பிக்குள்ளேதான். குரும்பையின் இளந்தோலில் சாற்றை உறிஞ்சும். ஒரு வாரம் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்த தலைமுறை பிறந்துவிடும். ஒரே காயில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். முதலில் தொப்பியின் ஓரத்தில் முக்கோண வடிவில் வெளிறிய தழும்பு தோன்றும். காய் வளர வளர அது பழுப்பாகி, மரப்பட்டை போல வெடிக்கும். சில காய்களில் பிசின் வடியும். குரும்பைகள் உதிரும். தப்பிய காய்கள் சிறுத்துவிடும், பருப்புக் குறையும். மட்டை இறுகிப்போவதால் உரிப்பதும் கடினம். நாளுக்கு இத்தனை காய் என்று கணக்கிட்டுக் கூலி வாங்கும் உரிப்புத் தொழிலாளிக்கு இது நேரடி நட்டம்.

என்ன செய்வது? அறுபது அடி உயரத்தில் காய்; அதன் தொப்பிக்குள் உண்ணி. கீழே நின்று தெளித்தால் மருந்து காயை எட்டாது. எட்டினாலும் தொப்பிக்குள் நுழையாது. வேப்பெண்ணெயும் பூண்டுச் சாறும் சோப்பும் கலந்து குலைகளில் தெளிக்கச் சொன்னார்கள். வேர் வழியாக மருந்தை ஏற்றும் முறையும் வந்தது. பயன் இருந்தது, ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும், ஆண்டுக்குப் பலமுறை, இதைச் செய்ய ஆளும் பணமும் வேண்டுமே!

இந்த நிலையில்தான் இலங்கையின் லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் தொப்பிக்குள் கூர்ந்து பார்த்தார்கள். 1929-இல் தொடங்கிய பழைய நிலையம் அது. தீய உண்ணியின் நடுவே இன்னோர் உண்ணி விறுவிறுவென்று ஓடுவது தெரிந்தது. தட்டையான, நீண்ட உடல்; எட்டுக் கால்கள். சாறு உறிஞ்ச வந்ததன்று அது. உறிஞ்சுவோரைப் பிடித்துத் தின்ன வந்தது. நியோசீயுலஸ் பராக்கி என்பது அதன் பெயர். நாம் காவல் உண்ணி என்போம்.

காவலன் இருந்தும் களவு ஏன் நடந்தது? இரண்டு காரணங்கள். முதலாவது, வாசல் பிரச்சினை. இளங்குரும்பையில் தொப்பி காயோடு இறுக ஒட்டியிருக்கும். தென்னை உண்ணி மிகமிக மெல்லியது. அந்த இடுக்கில் நுழைந்துவிடும். காவல் உண்ணி சற்றுப் பருத்தது, நுழைய முடியாது. தென்னை உண்ணி தாக்கிய காயில் அந்த இடைவெளி சற்று அகலமாகிறது என்றும், அதன் பிறகே காவல் உண்ணி உள்ளே போகிறது என்றும் இலங்கை, நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டார்கள். ஆக, காவலன் வந்து சேரும்போது திருட்டு பாதி நடந்துவிடுகிறது. இரண்டாவது காரணம் எண்ணிக்கை. கள்ளர் ஆயிரம், காவலர் ஒருசிலர் என்றால் என்ன ஆகும்?

அப்படியானால் காவலரைக் கூடத்தில் வளர்த்து, ஆயிரக்கணக்கில் மரத்தில் விடலாமே என்று தோன்றுகிறதல்லவா? அங்கேதான் பெரிய முட்டுக்கட்டை. வளர்க்க வேண்டுமானால் அதற்குச் சோறு போட வேண்டும். அதன் சோறு தென்னை உண்ணி. தென்னை உண்ணியோ உயிருள்ள குரும்பையில் மட்டுமே வாழும். புட்டியிலும் தட்டிலும் வளராது. காவலருக்குச் சோறு போட வேண்டுமென்றே மரம் மரமாக நோய்க் குரும்பை வெட்டி இறக்க முடியுமா?

நேயர்களே, இது தென்னைக்கு மட்டும் வந்த சிக்கல் அன்று. நன்மை செய்யும் உயிரைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதற்கு மலிவான உணவு தேடுவது மறுபாதி. தமிழ்நாட்டில் கரும்புத் துளைப்பானை அடக்க டிரைக்கோகிராமா என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவியை வளர்க்கிறார்கள். துளைப்பானின் முட்டையைத் தேடிக் கரும்புக் காட்டில் அலைவதில்லை. அதற்குப் பதிலாக, உடைத்த கம்புத் தானியத்தில் அரிசி அந்துப்பூச்சியை வளர்க்கிறார்கள். அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டிக் குளவிக்குக் கொடுக்கிறார்கள். குளவி அதை ஏற்றுக்கொள்கிறது! அரிசிப் பானையில் நாம் கண்டு முகம் சுளிக்கும் அந்தப் பூச்சி, கரும்புக்குக் காவல் வளர்க்கும் செவிலித்தாய் ஆகிவிட்டது.

ஐரோப்பாவின் கண்ணாடி வீட்டுத் தோட்டங்களிலும் இதே வழிதான். 1960-களின் இறுதியில் நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்த முதல் காவல் உண்ணி, செடிச் சிலந்தியைத் தவிர வேறெதையும் தொடாது. ஆகவே அவரைச் செடி வளர்த்து, அதில் சிலந்தி வளர்த்து, அதன் பிறகே காவல் உண்ணியை வளர்க்க வேண்டியிருந்தது. 1980-களில், எதையும் தின்னும் வேறு வகைக் காவல் உண்ணிகளைத் தவிட்டில் பெருகும் மாவு உண்ணியைக் கொடுத்து வளர்க்கக் கற்றார்கள். செலவு மளமளவென்று குறைந்தது. 2000-க்குப் பின், உலர்பழத்தில் வாழும் உண்ணியை ஊட்டி இன்னொரு வகையையும் பெருக்கினார்கள்.

மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் பாதையோரம் வளர்க்கும் மஞ்சள் பூச்செடிகளைக் கண்டிருப்பீர்கள். அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல அவை. கூண்டுப்புழுவை அழிக்கும் குளவிகளுக்கு அந்தப் பூந்தேன்தான் உணவு. காவலர் பட்டினி கிடக்கக்கூடாது என்ற அதே கொள்கைதான் அங்கும்.

இப்போது நிறுத்திவைத்த கொப்பரை உண்ணியை அழைப்போம். லுணுவிலை ஆய்வாளர்கள் தங்கள் காவல் உண்ணிக்கு மாற்று உணவாகத் தேர்ந்தெடுத்தது வேறெதையும் அன்று; அதே டைரோஃபேகஸைத்தான். கொழும்பு ஆலையில் தொழிலாளரைச் சொறிய வைத்த அதே உயிர்! அது ஏன் ஏற்றதாயிற்று? மலிவான தீனியில் பெருகும், ஒரு பெண் உண்ணி நூற்றுக்கணக்கில் முட்டையிடும், வெப்ப நாட்டில் மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடியும், உடல் மென்மையானது. தென்னை மரமே வேண்டாம். ஓர் அறையும் சில தட்டுகளும் போதும். காவல் உண்ணி அதை உண்டு பெருகியது. இவ்வாறு பெருமளவில் வளர்ப்பதற்கான புதிய தட்டு முறை ஒன்றை அவர்கள் 2010-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில், வளர்த்த காவல் உண்ணிகளைத் தென்னைகளில் பெருந்தொகையாக விட்டுப் பார்த்த சோதனையின் முடிவும் வெளிவந்தது. விடப்பட்ட மரங்களில் தென்னை உண்ணியின் எண்ணிக்கை தணிந்தது தெரிந்தது.

இதை மந்திரம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தென்னை உண்ணி அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஒருமுறை விட்டால் ஆயுள் முழுவதும் காக்கும் என்பதும் இல்லை. மரத்தில் புதுப்புதுக் குரும்பைகள் வந்துகொண்டேயிருப்பதால் காவலரையும் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். மாற்று உணவில் வளர்ந்தவை உண்மையான எதிரியைக் கண்டால் வேட்டையாடுமா என்பதையும் ஒவ்வொரு வகைக்கும் சோதித்தே அறிய வேண்டும். காவலரை மரத்தில் விட்ட பிறகு அங்கே நஞ்சு தெளித்தால் அத்தனை உழைப்பும் வீண். தேயிலை மலையின் டீல்ட்ரின் கற்பித்த பாடம் இங்கும் பொருந்தும்.

இன்னொரு செய்தியையும் மறைக்கக்கூடாது. கொப்பரை உண்ணி தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இத்தகைய சேமிப்பு உண்ணிகளைப் பெருமளவில் வளர்க்கும் கூடங்களில் வேலை செய்வோருக்குத் தோல் அரிப்பு, தும்மல், மூச்சிரைப்பு வரலாம். அங்கே பணிபுரிவோருக்கு முகமூடியும் கையுறையும் நல்ல காற்றோட்டமும் இருக்க வேண்டும். மரத்தைக் காக்கும் வேலை மனிதனை வதைக்கும் வேலையாகிவிடக் கூடாது. காஸ்டெல்லானி காலத்துத் தொழிலாளிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, இன்றைய தொழிலாளி அதைக் கேட்டுப் பெறலாம், பெற வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. மாவு, கடலை, கருவாடு இவற்றை ஈரம் படாமல் இறுக மூடிய டின்னில் வையுங்கள். அவ்வப்போது வெயிலில் காயவைத்துக் கொள்ளுங்கள். மாவின் மேல் நுண்ணிய தூசு தானாக நகர்வது போலத் தெரிந்தால், அந்த மாவை அடுப்பில் ஏற்றாதீர்கள். பிள்ளைகளிடம் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அசையாமல் சாறு உறிஞ்சுவது எது, விறுவிறுவென்று ஓடி வேட்டையாடுவது எது என்று அவர்களே கண்டு சொல்வார்கள். ஓடுவதெல்லாம் பகையன்று என்று அறிந்த பிள்ளை, நாளை நஞ்சுத் தொட்டியை எடுக்குமுன் ஒரு கணம் யோசிக்கும்.

தஞ்சோங் பகார் துறையில் கொப்பரை மூட்டை சுமந்த அந்தத் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் தோளில் ஊர்ந்த உயிருக்குள் இத்தனை பயன் ஒளிந்திருக்கிறது என்று அன்று யாரும் அறியவில்லை. அவர்கள் கண்டது அரிப்பை; பின்வந்தவர்கள் கண்டது தீனியை. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். எந்த உயிர் எங்கே இருந்தால் தொல்லை, எங்கே இருந்தால் துணை என்று கண்டறிவதுதான் அறிவு. முனைக்கு வேலி மரத்தால் கட்டலாம். பயிருக்கு வேலி உயிரால் கட்ட வேண்டும். அந்த உயிர் வேலிக்கு வேளாவேளைக்குச் சோறு போடவும் வேண்டும்.